ரன்டைம் மாற்றத்துக்குச் சொல்: ‘இயக்கநேரம்’ பொருந்துமா?

பாளையங்கோட்டையிலிருந்து:

வணக்கம். வலைச் செயலிகளைக் கூகுளின் கணினிகளில் ஓட்டும் சேவையான கூகுள் ஆப் எஞ்ஜினில் பைத்தான் 2.7-இல் ஓடும் செயலிகளைப் பைத்தான் 3-க்குக் கொண்டுபோகும் கையேட்டைத் தமிழாக்கும்போது ‘ரன்டைம்’ இடிக்கிறது. நம் கலைச்சொல் பட்டியலில் ‘இயக்கநேரம்’ என்றிருக்கிறது. ‘ரன்டைம் எர்ரர்’ என்றால் சரி, ஓடும்போது வரும் பிழை. ஆனால் செயலியின் அமைப்புகளைச் சொல்லும் ஆப்.யாமல் கோப்பில் ‘பைத்தான்27’ என்பதைப் ‘பைத்தான்312’ ஆக்குகிறோமே, அது நேரமா? நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டரும் அதன் நூலகங்களும் சேர்ந்த ஒரு பொருள். “இயக்கநேரத்தை மாற்றுக” என்றால் கடிகாரத்தைத் திருப்பப் போவார்கள். ‘இயங்குதளம்’ ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் போயிற்று, ‘ஓடுதளம்’ விமானத்துக்கு. ‘இயங்குகளம்’ எப்படி?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

களம் வேண்டாம் அண்ணாச்சி. டொமைனுக்கு ‘ஆள்களம்’ என்று எழுதுகிறோம். கையேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். நம்ம தாமிரபரணிப் பக்கத்துச் சொல்லே இருக்கே: கால், அதாவது வாய்க்கால். கோடகன் கால், கன்னடியன் கால், உங்கள் பாளையங்கால். ஆற்றுத் தண்ணி ஒன்றுதான், எந்தக் காலில் விழுகிறதோ அதன் போக்குக்குத்தான் ஓடும். நிரலும் அப்படியே. 7/2 என்ற அதே வரி 2.7-இல் 3 தரும், பைத்தான் 3-இல் 3.5 தரும். பக்க எண் கணக்கிடும் இடத்தில் இது சத்தமில்லாமல் கெடுக்கும். 7//2 என்று எழுத வேண்டும். ‘ஓடுகால்’ எனலாமா?

தென்காசியிலிருந்து:

ஓடுகால் என்று வைத்தால் பயன்படுத்துகிறவரை ஓடுகாலி என்பார்கள், தம்பி! ‘இயங்குகால்’ என்று வைப்போம். ‘செய்யுங்கால்’, ‘வருங்கால்’ என்பதில் கால் என்றால் பொழுது. வாய்க்காலும் பொழுதும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

‘மைக்ரேஷன்’ என்பதை இடப்பெயர்ச்சி என்றும் எழுத வேண்டாம். செயலி அதே திட்டத்தில், அதே முகவரியில்தான் இருக்கிறது. அடியில் ஓடும் கால்தான் மாறுகிறது. கால்மாற்றம் போதும். 3.9-இலிருந்து 3.12-க்குப் போவது வெறும் மேம்படுத்தல். 2.7-இலிருந்து போகும்போது வலைச் செயலி கட்டும் சட்டகமான வெப்ஆப்2 போய் ஃபிளாஸ்க் வரும், லிப் அடைவில் திணித்த நூலகங்கள் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற பட்டியல் கோப்புக்கு வரும், யாமலில் ‘த்ரெட்சேஃப்’, ‘ஏபிஐ_வெர்ஷன்’ வரிகள் போகும். இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

இயங்குகால், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வரும் கோரிக்கைகளைப் பழைய, புதிய பதிப்புகளுக்குப் பிரித்து அனுப்பும் ‘ட்ராஃபிக் ஸ்ப்ளிட்டிங்’? ‘போக்குவரத்துப் பிரிப்பு’ என்றால் வண்ணாரப்பேட்டை ரவுண்டானா ஞாபகம்தான் வருகிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

மடைப்பங்கீடு. புதிய பதிப்பை ‘நோ-ப்ரமோட்’ போட்டு ஏற்றினால் மடை அடைத்த நிலை: பதிப்பு தயார், ஒரு கோரிக்கையும் அதற்குப் போகாது. அதன் தனி முகவரியில் சோதித்துவிட்டு 5 விழுக்காடு திறக்கலாம், பிறகு 25, பிறகு முழுதும். பங்கீட்டை ஐபிப்படியோ குக்கிப்படியோ வைக்க வேண்டும். ‘ரேண்டம்’ என்று விட்டால் ஒரே ஆள் ஒரு சொடுக்கில் பழையதிலும் மறு சொடுக்கில் புதியதிலும் விழுவார்.

பெரிய சிக்கல் இரண்டு காலும் ஒரே குளத்தில் விழும்போதுதான். பங்கீடு நடக்கும்வரை இரு பதிப்புகளும் ஒரே தற்காலிகச் சேமிப்பைப் படிக்கலாம். பைத்தான் தரவைச் சேமிப்புக்கு ஏற்ற பைட்டுகளாக எழுதும் பிக்கிள், பைத்தான் 3.8 முதல் 3.13 வரை தானாக 4-ஆம் நெறிமுறையில் எழுதும், 2.7-க்கு 2-க்கு மேல் தெரியாது. புதியது எழுதியதைப் பழையது தொட்டதும் ‘அன்சப்போர்ட்டட் பிக்கிள் ப்ரோட்டோகால்: 4’ என்று விழும். எதிர்த்திசையிலும் நிம்மதி இல்லை: 2.7 பைட் சரமாக எழுதிய தமிழ்ப் பெயரைப் பைத்தான் 3 ஆஸ்கியாகப் படிக்கப் பார்த்து யூனிகோட்டீகோட்எர்ரர் கொடுக்கும். ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது. சேமிப்புச் சாவியின் முன்னால் ‘பை2’, ‘பை3’ என்று ஒட்டிக் குளத்தையே பிரித்துவிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. நெறிமுறையை 2 என்று கட்டினால் பாதிச் சிக்கல்தான் தீரும்.

(பிக்கிளை ஊறுகாய் என்று யாரும் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.)

தென்காசியிலிருந்து:

ஒரு திருத்தம். புணர்ச்சிப்படி ‘இயங்குகாற்பதிப்பு’ என்று எழுதினால் ‘இயங்குகால்’ என்று தேடுகிறவருக்கு அகப்படாது. கையேட்டில் ‘இயங்குகால் பதிப்பு’ என்று பிரித்தே எழுதுவோம். ‘இயக்கநேரப் பிழை’ பழையபடியே இருக்கட்டும்.