சேலத்தில் தனியாக வலைத்தளம் வடிவமைப்பவருக்குப் புதிய வாடிக்கையாளர்கள் எங்கே கிடைப்பார்கள்?

கேள்வி: அஸ்தம்பட்டி வடிவமைப்பாளர்

வணக்கம். அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தபடியே வலைத்தளங்கள் வடிவமைத்துத் தருகிறேன். நிறுவன வேலையை விட்டு வெளியே வந்த பிறகு எனக்குக் கிடைத்த வேலைகள் அனைத்தும் உறவினர்கள் வழியாகவும் உடன் படித்தவர்கள் வழியாகவும் வந்தவை. அந்த வட்டத்தில் இனி எவரும் மிச்சமில்லை. இணையத்தில் தனி வேலைகள் பிடித்துத் தரும் ஃபைவர் போன்ற தளங்களில், உலகெங்கும் உள்ளவர்கள் போட்டி போட்டு விலையைக் குறைத்துக்கொண்டிருக்க, கிடைக்கும் தொகையிலும் 20 சதவீதத்தைத் தளமே எடுத்துக்கொள்கிறது. உள்ளூரில் கடைகளுக்கு நேரில் சென்றால், "வாட்ஸ்அப் இருக்கிறதே, அதுவே போதும்" என்ற பதிலோடு அனுப்பிவிடுகிறார்கள்.

இளம்பிள்ளை சேலை மொத்த வியாபாரிகள், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகள், ஏற்காட்டுத் தங்கும் விடுதிகள் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். இவற்றில் எதில் தொடங்குவது, யாரிடம் எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தார்

தம்பி, உங்கள் பட்டியலைத் தொழில் வாரியாகப் போட்டிருக்கிறீர்கள். அதை வாங்குபவர் வாரியாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். கொலுசுப் பட்டறைக்காரருக்கு வேலை கொடுப்பவர் அவரைப் பல ஆண்டுகளாக அறிந்த வெள்ளி வியாபாரி. ஜவ்வரிசியில் கணிசமான பகுதி 1981இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் ஏலத்தின் வழியாகவே விற்பனையாகிறது. ஆலைக்காரர் வலைத்தளம் வைத்தாலும் அதைப் பார்த்து வாங்க வருபவர் குறைவு. இவர்கள் "வேண்டாம்" என்று சொல்வது அறியாமையால் அன்று, கணக்குப் பார்த்துத்தான். ஆனால் அதே சேகோ ஆலைகளுக்கு இயந்திரம் செய்து தருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைத் தேடுபவர் வெளிமாநிலத்தில் இருப்பார், முன்பின் அறிமுகம் இருக்காது, படமும் கொள்ளளவும் பார்த்த பிறகே தொலைபேசியை எடுப்பார். அறிமுகமில்லாதவர் தூரத்திலிருந்து வாங்க வேண்டிய தொழில் எதுவோ, அந்தத் தொழில்தான் உங்களுக்குக் காசு கொடுக்கும்.

அடுத்து, வழி. புதிதாகத் தொழில் தொடங்குபவர் முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்ற அச்சகத்தில்தான். பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, பெயர்ப் பலகை ஆகியவற்றுக்கு வரும்போதே, "வெப்சைட் செய்து தர ஆள் இருக்கிறார்களா?" என்றும் பலர் கேட்டுவிடுகிறார்கள். என்னிடம் இருவருடைய எண்கள் இருக்கின்றன. இருவரில் தொலைபேசியை எடுப்பவருக்கே வேலை போகிறது. எனவே கடை கடையாக ஏறி இறங்குவதைவிட நான்கைந்து அச்சகங்கள், பொருட்களைப் படம் எடுத்துத் தரும் புகைப்படக்காரர்கள், புதிய நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு செய்து தரும் ஆடிட்டர்கள் ஆகியோரிடம் நட்பு வைத்துக்கொள்ளுங்கள். வேலை அனுப்புபவருக்கு ஒரு பங்கு தருவதா, பதிலுக்கு நீங்கள் அச்சு வேலையை அவருக்கு அனுப்புவதா என்பதையும், பில் யார் பெயரில் போவது என்பதையும் முதல் வேலைக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். டொமைனை, அதாவது வலைத்தள முகவரியை, வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். அதைத் தன் பெயரில் பிடித்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளரை அலையவிட்ட ஒருவருக்கு, நான் மட்டுமல்ல, இந்தத் தெருவில் எவருமே பிறகு வேலை அனுப்பவில்லை.

மறுமொழி: ஏற்காடு ஹோம்ஸ்டே நடத்துபவர்

வாங்குபவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "உங்கள் வலைத்தளம் பழையதாக இருக்கிறது, புதிதாகச் செய்து தருகிறோம்" என்று எனக்கு வரும் மின்னஞ்சல்களை நான் திறப்பதே இல்லை. எனக்கு வலைத்தளமே இல்லாத காலத்திலும் அவை வந்துகொண்டுதான் இருந்தன.

நான் வேலை கொடுத்த பெண், தங்க வந்த விருந்தினருக்கு அறிமுகமானவர். கூகுள் வரைபடத்தில் எங்கள் வீட்டின் குறி மேலே வேறொரு வளைவில் விழுந்திருந்ததைப் பார்த்து, அதை எப்படித் திருத்துவது என்று எனக்கு எழுதினார். அதன் பிறகே பேச்சு வளர்ந்தது. முன்பதிவுத் தளங்கள் ஒவ்வொரு அறைக்கும் தரகு எடுக்கின்றன. ஒருமுறை வந்து போனவர் இரண்டாம் முறையும் அதே தளத்தின் வழியாக வந்தால் அந்தத் தரகு எனக்கு வீண் செலவு. "திரும்ப வருபவர்கள் நேரடியாக உங்களிடமே பதிவு செய்யும்படி ஒரு பக்கம் செய்து தருகிறேன்" என்று அவர் சொன்னதும் கணக்கு எனக்கே விளங்கிவிட்டது. அறைகளின் படம், வாடகை, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏறுவதா அல்லது குப்பனூர்ப் பாதையில் வருவதா என்ற குறிப்பு, வண்டி நிறுத்த இடம், சாப்பாடு உண்டா இல்லையா: விருந்தினர்கள் தொலைபேசியில் கேட்பது இவ்வளவுதான், பக்கத்திலும் இவ்வளவுதான் இருக்கிறது.

எங்களிடம் நீங்கள் எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில், அதுவும் கோடை விழா நடக்கும்போது, எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நவம்பரிலிருந்து பழம் பறிக்கும் வேலை சேர்ந்துகொள்ளும். மழை தொடங்கி அறைகள் காலியாகக் கிடக்கும் ஜூன், ஜூலையில் வாருங்கள். பூஜை விடுமுறைக்குள் வேலையை முடித்துவிடலாம். தங்கள் தோட்டத்துக் காபித்தூளையும் மிளகையும் நேரடியாக விற்க நினைப்பவர்களும் இங்கே மலையில் உண்டு.

மறுமொழி: வெளியூர் நிறுவனங்களுக்குச் செய்து தருபவர்

மேலே சொன்னவை சரி என்றாலும், உள்ளூரை மட்டுமே நம்பினால் மாதாந்திரச் செலவுக்குத் தடுமாற வேண்டியிருக்கும் என்பது என் கருத்து. கோவை, பெங்களூரு நகரங்களில் உள்ள சிறிய விளம்பர நிறுவனங்கள், வேலை மிகும்போது வெளியாட்களிடம் பிரித்துக் கொடுக்கின்றன. உங்கள் பெயர் வெளியே தெரியாது, விலையும் சற்றுக் குறைவு, ஆனால் வேலை தொடர்ந்து வரும். நிறுவனத்தில் வேலை பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அங்கிருந்து வேறு இடங்களுக்குப் போன பழைய சகாக்களை முதலில் கேளுங்கள். இளம்பிள்ளையைப் பொறுத்தவரை, அங்கே வலைத்தளம் என்று பேச்செடுக்காமல், மறுவிற்பனை செய்யும் பெண்களுக்கு அனுப்ப ஏற்றபடி சேலைப் படங்களையும் விலையையும் வாட்ஸ்அப் பட்டியலாக ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று போனால் கதவு திறக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அச்சகத்து ஐயா சொன்னபடி பட்டியலைத் திருத்திவிட்டேன். இரண்டு ஐயங்கள். முதல் வேலைக்கு இலவசமாக மாதிரி செய்து காட்டலாமா? பணம் இழுத்தடிக்கப்பட்டால் என்ன செய்வது?

மறுமொழி: ஏற்காடு ஹோம்ஸ்டே நடத்துபவர்

முழு மாதிரியை இலவசமாகச் செய்து காட்டாதீர்கள். இலவசமாக வந்ததற்குப் படங்களையும் விவரங்களையும் எடுத்துக் கொடுக்க எங்களுக்கே அவசரம் இருக்காது. வேலை பாதியில் நிற்கும். நீங்கள் கண்ட ஒரு குறையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.

மறுமொழி: வரி ஆலோசகர்

பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொட்டேஷனில் முன்பணம், வடிவத்திற்கு ஒப்புதல் கிடைத்ததும் ஒரு பகுதி, தளத்தை வெளியிடுவதற்கு முன் மீதி என்று எழுதி, கையொப்பம் வாங்குங்கள். மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். சேவைத் தொழில்களுக்கும் அது உண்டு, கட்டணம் கிடையாது. அப்படிப் பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதில் குறித்த நாளிலும், எப்படியும் 45 நாளுக்கு மேற்படாமலும் பணம் தர வேண்டும். வருமான வரிக் கணக்கில், 2024–25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை, அதைச் செலுத்தும் ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். ஆகவே கணக்கு எழுதி வரி கட்டும் நிறுவனங்களில், மார்ச் மாதம் பிறந்ததும் அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பாக்கியை நினைவூட்டிவிடுவார். பில்லில் உத்யம் எண்ணை மறக்காமல் அச்சிடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது. பதிவு இல்லாதவரை பில்லில் ஜிஎஸ்டி என்று எதையும் வசூலிக்கக் கூடாது.