காவடி மலர் வெண்பா: ‘முருகன் வேல்’ தளை தட்டுகிறதா?

ரோஸ்ஹில் ரசிகன்:
யாப்புத் தெரிந்தவர்கள்தான் மரபுக்கவிதை எழுத வேண்டும் என்ற காலம் முடிந்தது. நம் மொரிசியஸின் தைப்பூசச் சிறப்பிதழான காவடி மலருக்காகச் செயற்கை நுண்ணறிவு ஒரே நிமிடத்தில் தந்த குறள் வெண்பா (இரண்டடி வெண்பா) இது. பிழையே கிடையாது.

அலைசூழ்ந்த தீவில் கரும்பசைய ஓங்கும்
மலைமேல் முருகன் வேல்

யாப்புக்காவலன்:
பிழையே கிடையாதா? ‘முருகன் வேல்’ என்ற இடத்தில் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் கட்டு, தட்டுகிறது. ஒற்றைத் தள்ளினால் ‘முரு’ ஈரெழுத்து அசை, நிரை; ‘கன்’ ஓரெழுத்து அசை, நேர்; ஆக, புளிமா. இப்படி நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம். வெண்பாவில் மா முன், அதாவது மாவை அடுத்து, நிரைதான் வர வேண்டும். வேல் நேரசை. மா முன் நேர் வந்தால் அது ஆசிரியப்பாவுக்குரிய ஆசிரியத்தளை. அந்த ஓரிடத்திலேயே வெண்பா என்ற பெயர் போய்விட்டது.

ரோஸ்ஹில் ரசிகன்:
ஈற்றுச்சீர் ‘வேல்’ வெண்பாவுக்குரிய ‘நாள்’ வாய்பாட்டில் முடிகிறது, அலை – மலை எதுகை இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் ஐயா? அசை பிரித்து அலகிட்டுக் காட்டு என்று அதனிடமே கேட்டேன். முருகன் கூவிளம், விளம் முன் நேர் சரி என்று விளக்கமே கொடுத்தது.

யாப்புக்காவலன்:
வாய்பாடு சரி, தளை தப்பு. இரண்டும் வேறு. அது கொடுத்த விளக்கத்தை நீங்கள் படித்துப் பார்த்தீர்களா? ‘மு’வைத் தனியாக நேர் என்றும் ‘ருகன்’ என்பதை நிரை என்றும் பிரித்திருக்கும். சீரின் முதலில் குறிலுக்குப் பின் குறில் வந்தால் இரண்டும் சேர்ந்துதான் நிரை. சரி, அதன் கணக்குப்படியே கூவிளம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் நிற்கும் ‘மலைமேல்’ புளிமா. மா முன் நேர் என்று அங்கே தளை தட்டும்! ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை போட்டிருக்கிறது.

காரணமும் சொல்கிறேன். இந்த எந்திரத்துக்கு எழுத்து தெரியாது. ‘முருகன்’ நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடு, யூடிஎஃப்-8 முறையில் 21 பைட். அதைத் தன் வசதிக்கு ஏதோ சில துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. அந்த வெட்டு அசை பிரியும் இடத்தில் விழ வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அசையைப் பார்க்காத ஒன்று தளையை எப்படிப் பார்க்கும்?

மோக்கா மாணவி:
அண்ணா, ‘முருகனின் வேல்’ என்று மாற்றினால் போதுமே. முரு – கனின், நிரை நிரை, கருவிளம். விளம் முன் நேர் பொருந்துகிறது. ‘மலைமேல்’ மா முன் நிரையும் சரி.

ரோஸ்ஹில் ரசிகன்:
பார்த்தீர்களா! ஒரே ஒரு ‘இன்’. இதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம். இரண்டாவது முறை கேட்டிருந்தால் அதுவே தந்திருக்கும்.

யாப்புக்காவலன்:
தந்திருக்கும் என்பதும் தந்தது என்பதும் ஒன்றா? திருத்தியது தங்கை. எந்திரம் திருத்தவில்லை. ‘முருகன் வேல்’ தப்பு என்று இன்னும் உங்கள் வாயால் வரவில்லை.

காத்ர்போர்ன் காவடியாள்:
‘முருகன் துணை’ என்று முடித்தாலும் தளை சரிதானே?

யாப்புக்காவலன்:
தளை சரி. ஆனால் அது கல்யாணப் பத்திரிகையின் தலையில் போடுவது. வெண்பாவுக்கு ஈற்றடியா அது?

காத்ர்போர்ன் காவடியாள்:
கேட்டதற்கு இப்படியா பதில்? போன வருடம் நான் அனுப்பிய சிந்துப் பாட்டையும் இப்படித்தான் ஒதுக்கினீர்கள். மறக்கவில்லை.

ரோஸ்ஹில் ரசிகன்:
இதனால்தான் மொரிசியஸில் பிள்ளைகள் தமிழ்ப்பக்கம் வருவதில்லை. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும். ஆசையாக இரண்டு அடி எழுத வந்தால் தளை, தளை என்று விரட்டுகிறீர்கள்.

யாப்புக்காவலன்:
1998இல் ரூபாய்த் தாளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது இந்த ஊர்த் தமிழர் சும்மா இருந்தார்களா? போராடினார்கள், தாள்களைத் திரும்பப் பெற வைத்தார்கள். வரிசை மாறியதற்கே அவ்வளவு ரோஷம். வெண்பாவில் அதற்குரிய வெண்டளை கேட்டால் அது விரட்டுவதா?

எந்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழுப்பாட்டையும் கேட்காதீர்கள். கருத்தை நீங்கள் வையுங்கள். நிரையில் தொடங்கும் மூவெழுத்துச் சொல் முப்பது கேளுங்கள். அதில் பலவும் தப்பாக வரும், கையால் அலகிட்டுக் கழியுங்கள். அடியைக் கட்டியபின் ‘அவலோகிதம்’ மென்பொருளில் இட்டு சீரும் தளையும் பாருங்கள். அது ஊகிப்பதில்லை, விதிப்படி எண்ணுகிறது. அங்கேயும் சொற்களைச் சேர்த்துப் புணர்ச்சி செய்துதான் தட்டச்சிட வேண்டும். ‘கரும்பு அசைய’ என்று இடைவெளி விட்டால் நாற்சீரடி ஐந்து சீராகிவிடும்.

மோக்கா மாணவி:
விதியை எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கேட்டால்?

யாப்புக்காவலன்:
விதியை அழகாக ஒப்பிக்கும், அடுத்த அடியிலேயே மீறும். விதியைச் சொல்வது வேறு, அசையை எண்ணுவது வேறு. இன்னொன்று, நம் தீவு என்றதும் அது அலையையும் கரும்பையும்தான் எடுக்கும். கரும்புக்காட்டின் நடுவே கருங்கல்லைக் குவித்து வைத்திருக்கிறார்களே, கடற்கரையில் சவுக்கு நிற்கிறதே, அதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் வரும்.

ரோஸ்ஹில் ரசிகன்:
உங்களுக்குக் கல்குவியல், எனக்குக் கரும்பு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வெண்பாவுக்குரிய செப்பலோசை வருகிறது. ‘முருகன் வேல்’ அப்படியே மலருக்குப் போகும், என் பெயரில்.

யாப்புக்காவலன்:
எழுதாததற்கு உங்கள் பெயரா? போகட்டும். ஆனால் மேலே ‘குறள் வெண்பா’ என்று போடாதீர்கள். மா முன் நேர் வந்தது வெண்பா ஆகாது.

காத்ர்போர்ன் காவடியாள்:
அப்படியானால் என் சிந்துக்கு என்ன குறை? அதை முதலில் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில் ரசிகன்:
அனுப்பிவிட்டேன். தலைப்பு ‘குறள் வெண்பா’.