முழங்கால் வலிக்கு ஈ.எம்.ஜி. எடுத்தேன்: நம்பலாமா?

வத்தல்மலை ஓட்டக்காரன்: காவலர் தேர்வுக்கு ஓடுகிறேன், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஞாயிறுதோறும் வத்தல்மலைச் சாலையில் ஏறி இறங்குவேன். இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது. ஒரு பிசியோதெரபி நிலையத்தில், தசையின் மின் சிக்னலை அளக்கும் ஈ.எம்.ஜி. சோதனைக்காகத் தொடையில் எலெக்ட்ரோடு ஒட்டி டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். இடதைவிட வலது பக்கம் சிக்னல் குறைவாம், அதனால் வலது தொடை பலவீனமாம். மூன்று மாதப் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

அணைக்கரை மாமா: கட்டாதே தம்பி. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவன் நான். இறக்கத்தில் குட்டை அடியாக வை, போதும். ஒயர் ஒட்டித்தான் கால் தெரியவேண்டுமா?

பாரூர் பிசியோ: மாமா, குட்டை அடியை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. வேகத்தை மாற்றாமல் நிமிடத்துக்கான அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலின் சுமை குறைகிறது. ஆனால் பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே இடுப்புத் தசை வேலையைத் தொடங்கியதா, தாமதித்ததா என்பதை உங்கள் கண் சொல்லாது. ஈ.எம்.ஜி. சொல்லும்.

அணைக்கரை மாமா: வியர்வையில் ஒட்டு நழுவினால் அதையும் சொல்லுமா?

பாரூர் பிசியோ: அதற்குத்தான் முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, 20 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டுகிறோம். ஒயர் ஆடுவதால் வரும் பொய்ச் சிக்னல் பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 20 அதிர்வு) கீழே வரும், வடிகட்டிவிடலாம்.

மத்தூர் மின்காரர்: வடிகட்டுவது இருக்கட்டும். இரண்டு தொடைகளின் மைக்ரோவோல்ட்டையும், அதாவது சிக்னலின் அளவையும், நேருக்கு நேர் ஒப்பிட்டதே தவறு. தோலடிக் கொழுப்பு சற்றுக் கூடினாலும், எலெக்ட்ரோடு ஒரு விரல் தள்ளிப் போனாலும் எண் மாறும். ஒவ்வொரு காலையும் முழுப் பலத்தோடு உதைக்கச் சொல்லி, ஓடும்போது வரும் சிக்னல் அந்த உச்சத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்தார்களா?

வத்தல்மலை ஓட்டக்காரன்: இல்லை அண்ணா. அறிக்கையில் மைக்ரோவோல்ட் மட்டும்தான் இருக்கிறது.

பாரூர் பிசியோ: அப்படியானால் "பலவீனம்" என்று எழுதியது அவசரம். எங்கள் தொழிலில் இது நடக்கிறது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, டிரெட்மில்லைச் சமமாகவா வைத்தார்கள்?

வத்தல்மலை ஓட்டக்காரன்: ஆமாம், மேசை மாதிரி.

பாரூர் பிசியோ: உங்களுக்கு வலிப்பதோ இறக்கத்தில்! அங்கே முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படி நீளும்போது அதே விசைக்குக் குறைந்த சிக்னலே வரும். குறைந்த சிக்னலைப் பார்த்துக் குறைந்த சுமை என்று நினைத்தால் ஏமாந்தோம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின்மேல் ஒரு சிறிய முடுக்கமானியைக் கட்டி, அதே மலைச் சாலையில் அதிர்வை அளந்திருக்கலாம்.

அணைக்கரை மாமா: நான் சொன்னதற்குத்தான் எல்லாரும் சுற்றி வருகிறீர்கள்.

மத்தூர் மின்காரர்: பாதிக்கு மட்டும் மாமா. உங்கள் குட்டை அடி எல்லா வலிக்கும் மருந்தாகாது. வீக்கமோ, கால் மடங்கிப் போவதோ இருந்தால் தம்பி முதலில் எலும்பு மருத்துவரைப் பார்க்கட்டும்.

வத்தல்மலை ஓட்டக்காரன்: வீக்கம் இல்லை. பணம் கட்டவில்லை. ஞாயிறு மலைக்குப் போகலாமா?

அணைக்கரை மாமா: ஏறு. உச்சியில் என் வண்டி நிற்கும், இறங்குவது அதில்தான்.