பி.எஸ்சி. சைக்காலஜி: சேர்ந்த பிறகு நீங்கள் பார்த்தது என்ன?

மதுரைக்காரி:
பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். சைக்காலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதில் என்னடி இருக்கும் என்று கேட்டால் "மனசைப் பத்திம்மா" என்கிறாள். அது எனக்கும் தெரியும். படித்தவர்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்களேன்.

மூன்றாம் பெஞ்ச்:
அக்கா, நானும் மனசைப் பற்றி என்று நம்பிப் போனவள்தான். கையில் கொடுத்தது மூளைப் படம். நியூரான், சினாப்ஸ், ஹார்மோன். பயாலஜியே வேண்டாம் என்று பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்த என்னை அது காலேஜ் வரை துரத்தி வந்து பிடித்தது.

என்னைக் காப்பாற்றியது லேப். இந்தப் படிப்புக்கு லேப் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஓர் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதைத்தான் இந்தத் துறையின் பிறந்தநாள் மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் லேபில் ஒரு சோதனை: இரட்டைக் கோட்டில் ஆறு முனை நட்சத்திரம். கையை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு மறைப்பு. எதிரே இருக்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். மேலே போ என்றால் கை கீழே போகும். கோட்டைத் தொட்டால் ஒரு பிழை.

வீட்டில் அட்டைப்பெட்டியை வெட்டி அம்மாவை உட்கார வைத்தேன். அம்மா தையல் வேலை செய்பவர், கை அவ்வளவு நிதானம். அவருக்கே முதல் தடவை நாலு நிமிடம் ஆனது. வலது கையால் பத்துத் தடவை பழகியபின் இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். பழகாத அந்தக் கையும் வலது கையின் முதல் தடவையைவிட நன்றாகவே ஓட்டியது. "இதுக்கா ஃபீஸ் கட்டினேன்?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் நினைவாற்றல் பாடத்தில் அதே நட்சத்திரச் சோதனை மறுபடி வந்தது. ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது அநேகமாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரை மூன்று நாள் இப்படிக் கண்ணாடியில் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரைய வைத்தார். பிழைகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் முந்தைய நாள் வரைந்தது அவருக்கு நினைவே இல்லை. ஆளுக்கு மறந்தது கைக்கு மறக்கவில்லை. அன்று ராத்திரி அம்மாவின் தாளை ரெக்கார்ட் நோட்டிலிருந்து எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரியர் அண்ணன்:
லேப் கதை சரி. ஸ்டாட்டிஸ்டிக்ஸை யார் சொல்வது? சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, பிறகு இரண்டு சராசரிக்கு நடுவே உள்ள வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று பார்க்கும் டி-டெஸ்ட். இந்த டி-டெஸ்டுக்கு வழி போட்டவர் கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் காசெட் என்பவர். 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். அந்த ஸ்டூடண்டால் இந்த ஸ்டூடண்ட் இரண்டு முறை அரியர் எழுதினான். கணக்கு வராது என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம், கால்குலேட்டர் தருவார்கள். எந்தக் கேள்விக்கு எந்த டெஸ்ட் என்பதில்தான் நான் விழுந்தேன்.

டபரா டம்ளர்:
வளர்ச்சி உளவியலில், குழந்தைகள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த பியாஜே வருவார். பக்கத்து வீட்டு ஐந்து வயசுக்காரனிடம் செய்து பார்த்தேன். இரண்டு டபராவில் ஒரே அளவு பால். "சமமா?" "சமம்." ஒன்றை மட்டும் ஒல்லி டம்ளரில் ஊற்றினேன். "இதுலதான் நெறைய இருக்கு!" திரும்ப டபராவில் ஊற்றினால் சமம், டம்ளருக்கு மாற்றினால் மறுபடி நிறைய. எட்டு வயசு அக்கா பார்த்துவிட்டு, "ஊத்தினா கூடுமாடா லூசு?" என்றாள். பாத்திரத்தின் வடிவம் மாறினால் அளவே மாறிவிட்டதாகச் சின்னக் குழந்தைகள் நினைப்பார்கள் என்று பியாஜே சொன்னதை வீட்டுக்குள்ளேயே நிரூபித்த பெருமையில் வகுப்பில் சொன்னேன். மேடம் விடவில்லை. ஒரே கேள்வியைப் பெரியவர்கள் இரண்டு தரம் கேட்டால் முதல் பதில் தப்போ என்று குழந்தை மாற்றிச் சொல்லும், பின்னால் வந்தவர்கள் அதையும் சோதித்திருக்கிறார்கள், நீ எத்தனை தரம் கேட்டாய் என்றார். மூன்று தரம்.

ஹாஸ்டல் வாசி:
மனநோய்களைப் பற்றிய அப்நார்மல் சைக்காலஜி பாடம் நடந்த செமஸ்டரில் எங்கள் அறையில் நாலு பேருக்கும் எல்லா நோயும் இருந்தது. கல்யாண வீட்டில் ஒரு மாமா, "நான் என்ன நெனைக்கிறேன் சொல்லு" என்றார். பந்தி எப்போது என்றேன். சரியாகத்தான் இருந்தது.

பழைய மாணவி:
ஒன்றை மட்டும் இப்போதே மகளிடம் பேசிவிடுங்கள். சாதாரண பி.எஸ்சி.யை வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த மேற்படிப்பும் பதிவும் வேண்டும். மருந்து எழுதும் மனநல மருத்துவர் ஆவதற்கு எம்.பி.பி.எஸ். வழியாகத்தான் போக வேண்டும். எனக்கு இது இறுதி ஆண்டில்தான் தெரிந்தது.

மதுரைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று பீரோ கண்ணாடியை வைத்து நட்சத்திரம் போட்டுப் பார்த்தோம். அவள் தட்டுத்தடுமாறி முடித்துவிட்டாள். எனக்கு முதல் மூலையிலேயே கை நின்றுவிட்டது. இன்றைக்கு மறுபடி உட்காரப் போகிறேன், அப்ளிகேஷன் அப்புறம்.