கைடு வரி வரியாகத் திருத்தித் தர வேண்டுமா?

கரிசல்மண்:
என் பிஎச்.டி. ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தை, அதாவது முந்தைய ஆய்வுகளை அலசும் பகுதியைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தால், கைடிடமிருந்து (ஆய்வு நெறியாளரிடமிருந்து) வந்தது 'வாதம் எங்கே? திரும்ப எழுது' என்று ஒரே வரி. எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று ஒன்றுமே இல்லை. வரி வரியாகத் திருத்தித் தருவது நெறியாளரின் வேலை இல்லையா?

வைகைக்கரை:
இல்லை. அவர் எழுதிக் கொடுத்தால் அது அவருடைய ஆய்வேடு, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் உங்களைத்தான் கேட்பார். அந்த ஒரு வரி சரியான இடத்தில்தான் கை வைக்கிறது என்று நினைக்கிறேன். 'இவர் 2009இல் இதைக் கண்டார், அவர் 2014இல் அதைக் கண்டார்' என்று ஆளுக்கொரு பத்தியாகப் போயிருப்பீர்கள், யார் யாரோடு முரண்படுகிறார், எதை யாரும் தொடவில்லை, உங்கள் ஆய்வு எங்கே நுழைகிறது என்பதெல்லாம் வந்திருக்காது. ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கரிசல்மண்:
பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. ஆனால் என் அத்தியாயத்தைப் படிக்காத நீங்களே இதை நாலு வரியில் சொல்லிவிட்டீர்களே, படித்தவர் ஏன் சொல்லவில்லை?

வைகைக்கரை:
யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பிஎச்.டி. மாணவர்கள் வரை வழிகாட்டலாம். அத்தனை பேருக்கும் வரி வரியாக என்றால் எப்படி?

தெற்குவாசல்:
அது பதில் இல்லை, வைகைக்கரை. நேரம் இல்லாதவர் 8 பேரை எடுக்காமல் இருக்கலாமே, விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கரிசல்மண், 'புரியவில்லை சார்' என்று மட்டும் போய் நிற்காதீர்கள். 'மூன்றாம் பத்தியில் இதைச் சொல்ல வருகிறேன், அது எழுத்தில் தெரியவில்லையா, இல்லை அந்த வாதமே நிற்காதா?' என்று மெயிலில் கேளுங்கள், அப்படிக் கேட்டால் ஒற்றை வரியில் தப்பிக்க முடியாது. அப்புறம் ஒரு அட்டவணை போடுங்கள்: அவர் கருத்து, நான் செய்த மாற்றம், பக்க எண், ஏற்காவிட்டால் காரணம். ஆய்விதழ் மதிப்பீட்டாளர்களுக்குப் பதில் எழுதும் அதே முறைதான். ஒரே கருத்து இரண்டு மூன்று அத்தியாயத்தில் திரும்பி வந்தால் அதில் பளிச்சென்று தெரியும், முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

கரிசல்மண்:
மெயில் அனுப்புகிறேன், அட்டவணையும் போடுகிறேன். ஆனாலும் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடப் போகிறவரிடம் 'ஏற்கவில்லை' என்று எழுதுவது எல்லாத் துறையிலும் நடக்கிற காரியம் இல்லை. முழு அத்தியாயத்தையும் திருத்த வேண்டாம், ஒரே ஒரு பக்கம் திருத்திக் காட்டட்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.