டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா?

கியூர்பிப்_மைனர்:
என்னிடம் இருப்பது 1964 மோரிஸ் மைனர், 1098 சிசி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற எஞ்சின் சுழற்றும் பழைய வகை மின்னாக்கி, அதாவது லூகாஸ் சி40 டைனமோ, 22 ஆம்பியர். பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் பாடியோடு இணைந்திருக்கிறது. இங்கே மொரீஷியஸில் சாயங்காலம் போர்ட் லூயியிலிருந்து மேலே ஏறும்போது நெரிசலோடு மழையும் சேர்ந்துவிட்டால் போதும்: முன்விளக்கு, வைப்பர் எல்லாம் ஓடுகின்றன, வண்டி மட்டும் ஓடுவதில்லை. டாஷ்போர்டில் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. மறுநாள் காலை ஸ்டார்ட்டர் முனகுகிறது. டைனமோவுக்குப் பதிலாக வந்த புதிய வகை மின்னாக்கி, 34 ஆம்பியர் லூகாஸ் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் ஒன்று விலைக்கு வருகிறது. மாற்றிவிடலாமா?

மாயேபூர்_பழையவன்:
வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்விளக்கு இரண்டும் 45 வாட் என்றால் ஏழரை ஆம்பியர். சைடு விளக்கு, பின்விளக்கு, இக்னிஷன், வைப்பர் என்று எல்லாம் சேர்ந்தாலும் 16-ஐத் தொடுவது கஷ்டம். 22 தாராளம். உங்கள் வண்டியில் பெல்ட் தளர்ந்திருக்கும், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். பின்பக்க புஷ்ஷுக்கு எண்ணெய் விட அங்கே ஓர் ஓட்டை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அறுபது வருஷம் உழைத்த பொருளை ஒரு மழைக்காகத் தூக்கி எறியாதீர்கள்.

ரோஸ்ஹில்_ஸ்பானர்:
ஐயா, கணக்கு சரி. அந்த 22 ஆம்பியர் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும் ஐட்லிங்கில் டைனமோ தருவது கிட்டத்தட்டப் பூஜ்யம்.

டைனமோவில் மொத்த மின்சாரமும் ஆர்மேச்சர் என்ற சுழலும் கம்பிச்சுருளில் பிறந்து, அதன் முனையிலுள்ள செம்புப் பட்டைகளான கம்யூட்டேட்டர் வழியாக, அதை உரசும் பிரஷ் வழியாக வெளியே வரவேண்டும். அதை ஓர் அளவுக்கு மேல் வேகமாகச் சுற்றினால் கம்பிச்சுருள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் சின்ன புல்லி போட்டு வேகத்தைக் கூட்டவும் வழியில்லை. ஆல்டர்னேட்டரில் பெரிய மின்சாரம் அசையாத சுருளில் பிறக்கிறது. பிரஷ் வழியாகப் போவது காந்தப்புலத்தை உண்டாக்கும் சில ஆம்பியர் ஃபீல்டு கரண்ட் மட்டும். தைரியமாகச் சின்ன புல்லி போடலாம், ஐட்லிங்கிலேயே சார்ஜ் ஏறும். தைப்பூசத்தன்று காவடிக்குப் பின்னால் நடை வேகத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்!

மாயேபூர்_பழையவன்:
காவடிக்குப் பின்னால் நடந்து போவதுதான் மரியாதை. சரி, போலாரிட்டி (பாடியோடு இணைவது எந்த முனை என்பது) என்ன ஆகும்? ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். பழைய பழக்கத்தில் யாராவது பேட்டரியைத் திருப்பி மாட்டினால், ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு அந்த நொடியே போய்விடும். டைனமோ இதையெல்லாம் தாங்கும்.

ரோஸ்ஹில்_ஸ்பானர்:
பாசிட்டிவ் எர்த்தே இன்று ஆபத்துதான் ஐயா. ஜம்ப் கேபிளோடு உதவிக்கு வரும் பையன் பழக்கத்தில் நெகட்டிவான கறுப்பு வயரைப் பாடியில் மாட்டுவான். நெகட்டிவுக்கு மாறுவது பெரிய வேலையில்லை. பேட்டரியைத் திருப்பி வையுங்கள். பாசிட்டிவ் முனை சற்றுப் பருமன் என்பதால் கிளாம்ப் இரண்டையும் மாற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன வயர்களை இடம் மாற்றுங்கள். பழைய ரேடியோ இருந்தால் அதைத் தொடுமுன் விசாரியுங்கள்.

அப்புறம், டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பழைய ரெகுலேட்டர் பெட்டிக்கு வேலை இல்லை. டைனமோவின் தடித்த வயர் 22 ஆம்பியருக்கானது. 34-க்கு அதையே நம்பாமல் புது வயர் இழுங்கள். எச்சரிக்கை விளக்கின் பல்பு நல்லதாக இருக்கட்டும். ஆல்டர்னேட்டரை எழுப்பும் முதல் கரண்ட் அதன் வழியாகத்தான் வருகிறது. பல்பு போனால் சார்ஜே தொடங்காமல் இருக்கலாம்.

மாயேபூர்_பழையவன்:
நெகட்டிவ் எர்த்துக்கு மாற டைனமோவைக் கழற்ற வேண்டியதே இல்லையே! பேட்டரியைத் திருப்பிய பின், டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனையின் வயரைக் கழற்றி, அந்த முனையில் பேட்டரியின் பாசிட்டிவை ஒரு கணம் தொட்டெடுத்தால் டைனமோவும் திரும்பிவிடும். இதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

ரோஸ்ஹில்_ஸ்பானர்:
சொன்னால் நெரிசலில் சார்ஜ் ஏறிவிடுமா?

கியூர்பிப்_மைனர்:
இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள். டைனமோ உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மாயேபூர்_பழையவன்:
டைனமோவின் டி (மின்சாரம் வெளிவரும் முனை), எஃப் வயர்களைக் கழற்றுங்கள். இரண்டு முனையையும் ஒரு கம்பியால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் நடுவே வோல்ட்மீட்டர். எஞ்சினை மெல்ல 1000 ஆர்பிஎம் வரை கொண்டுபோங்கள், அதற்குமேல் முறுக்க வேண்டாம். 20 வோல்ட் காட்டினால் டைனமோ ஆரோக்கியம். பழுது ரெகுலேட்டரிலோ வயரிலோ.

கியூர்பிப்_மைனர்:
சனிக்கிழமை பார்க்கிறேன் ஐயா. 20 வந்தால் முதலில் ரெகுலேட்டர், பெல்ட். ஆனால் ஆல்டர்னேட்டர்காரரிடம் முன்பணம் கொடுத்து வைக்கப் போகிறேன்.