போக நினைத்தால் போக முடியுமா? தனிமனித சுதந்திரத்தை எதை வைத்து அளப்பது?

குடியாத்தம் வாசகர்

வணக்கம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் தனிமனித சுதந்திரம் பற்றிப் பேசுகிறோம். அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு (பேச்சு, நடமாட்டம், தொழில் முதலிய உரிமைகள்), 21-ஆம் பிரிவு (உயிர், தனிமனித சுதந்திரம்), கடவுச்சீட்டைப் பறித்தது பற்றிய 1978 மேனகா காந்தி வழக்கு, அந்தரங்க உரிமை பற்றிய 2017 புட்டசாமி வழக்கு எல்லாம் படித்தாயிற்று. ஆனால் பேச்சு அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது.

தடங்கல் இதுதான். தை பிறந்ததும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்குப் போகிறார்கள். சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போகிறார். யாரும் இழுத்துப்போவதில்லை, அவர்களாகவே கைநாட்டு வைக்கிறார்கள். வட்டத்தில் சிலர், "மனமொத்துச் செய்த ஒப்பந்தம், இதில் சுதந்திரம் எங்கே பறிபோனது?" என்கிறார்கள். மற்றவர்கள், "வயிற்றுப்பாடு இருக்கிறவரை யாருக்குமே சுதந்திரம் கிடையாது" என்கிறார்கள். முதலாவது சரி என்றால் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. இரண்டாவது சரி என்றால் செய்ய முடிவது ஒன்றும் இல்லை. இரண்டையும் என் மனம் ஏற்கவில்லை.

ஒருவருக்குச் சுதந்திரம் இருக்கிறதா இல்லையா என்று நேரில் பார்த்துச் சொல்ல அளவுகோல் உண்டா? இல்லை என்று தெரிந்தால் யாரிடம் போவது, எங்கே காரியம் கெடும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

லத்தேரி

அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம், 1976, பிரிவு 2. முன்பணம், பரம்பரைக் கடன், ஊர் வழக்கம், பிறந்த சாதி என்று ஏதோ ஒன்றைக் காரணம் காட்டி ஒருவரிடம் வேலை வாங்கும்போது, நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: உரிய கூலி கிடைக்கிறதா, வேறு வேலைக்குப் போக முடிகிறதா, நாட்டில் எங்கும் போய்வர முடிகிறதா, தன் பொருளையும் தன் உழைப்பின் விளைச்சலையும் சந்தை விலைக்கு விற்க முடிகிறதா. நான்கில் ஒன்று போனாலே அவர் கொத்தடிமை. அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா என்பது இந்த வரையறையில் கிடையாது. கைநாட்டு வைத்தாரே என்பதும் பதில் ஆகாது, சட்டம் ஒழித்ததே அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைத்தான். 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பசிக்குப் பயந்து குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய ஒப்புக்கொள்வதும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புதான் என்றது. உங்கள் வட்டத்தின் இரண்டு கட்சிக்கும் பதில் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

கணக்கு எப்படி ஆளைக் கட்டிப்போடுகிறது என்பதை விளக்க ஒரு மாதிரிக் கணக்கு எழுதுகிறேன். முன்பணம் 40,000. கணவன் மனைவி சேர்ந்து நாளைக்கு 1,000 கல் அறுக்கிறார்கள், ஆயிரத்துக்கு 800 ரூபாய் பேச்சு. ஆறு நாளைக்கு 4,800. வாரச் செலவுக்குப் படிக்காசு 2,500 கையில் வருகிறது, மீதி 2,300 முன்பணத்தில் கழிய வேண்டும். இப்படிப் போனால் 18 வாரத்தில், சீசன் முடியும் முன்பே, கடன் அடைந்துவிடும். ஆனால் அடையாது. மழையில் கரைந்த கல்லும் உடைந்த கல்லும் அறுத்தவர் தலையில் விழும். ஆஸ்பத்திரிச் செலவு புதுக் கடனாக ஏறும். நோட்டு மேஸ்திரி கையில் இருக்கும், அறுத்தவருக்கு நகல் கிடையாது. வைகாசியில் "பாக்கி 15,000, அடுத்த தைக்கு இங்கேதான் வரணும்" என்ற வார்த்தை வருகிறதே, வேறு வேலைக்குப் போகும் உரிமை அங்கே போய்விட்டது. ஆகவே கடன் எவ்வளவு என்பது இரண்டாம்பட்சம், கடன் இருக்கும்போதே எழுந்து போக முடியுமா என்பதுதான் கேள்வி.

நேரில் விசாரிப்பவர்கள் "கொடுமை நடக்கிறதா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது வேறு. கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள்? குடும்பம் முழுக்கச் சேர்ந்து போக விட்டார்களா, யாராவது பிணையாகத் தங்க வேண்டியிருந்ததா? ஆதாரும் ரேஷன் கார்டும் யாரிடம்? பக்கத்துச் சூளையில் 50 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் போக முடியுமா? இதையெல்லாம் முதலாளியும் மேஸ்திரியும் இல்லாத இடத்தில், முடிந்தால் அந்தச் சூளையை விட்டே வெளியே கூட்டிவந்து கேட்க வேண்டும்.

மனு மாவட்ட ஆட்சியருக்கு அல்லது கோட்டாட்சியருக்கு. சொந்த ஊரை வைத்து அல்ல, சூளை இருக்கும் இடத்தை வைத்து. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் இதில் நிறையக் குழப்பம்: சூளை ராணிப்பேட்டையில் இருந்தால் வேலூரில் கொடுக்கும் மனு மேசை மேசையாக அலையும். திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாள் வரை காத்திருக்கவும் கூடாது. வரிசையில் நிற்பதற்குள் செய்தி கசிந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

மீட்டபின், கொத்தடிமை நிலையிலிருந்து விடுவித்ததாக அதிகாரி தரும் விடுதலைச் சான்றிதழைக் கையில் வாங்காமல் வண்டி ஏறக் கூடாது. பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். "கூலித் தகராறு" என்று எழுதி, பஸ் செலவு கொடுத்து அனுப்பிவிட்டால் சட்டப்படி எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும், கடனும் உயிரோடு இருக்கும். சான்றிதழ் இருந்தால்தான் மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை கேட்கலாம். முழு மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். இந்தப் பெரிய தொகை வழக்கின் முடிவோடு பிணைந்திருப்பதால் குற்ற வழக்கு பதிவாவதும் முக்கியம். பழைய கடன் 1976 சட்டத்தின் பிரிவு 6-ன்படி ஒழிந்துபோகிறது. அதற்குப் பிறகும் முதலாளி அதை வசூலித்தால் அதுவே குற்றம், 3 ஆண்டு வரை சிறை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் பிரிவு 15-ன்படி கடன் கொடுத்தவருடையதே. தொழிலாளி நோட்டைக் காட்ட வேண்டியதில்லை.

ஆம்பூர் ரோடு

லத்தேரி சார், அப்படிப் பார்த்தால் வீட்டுக்கடன் வாங்கிய எல்லோரும் கொத்தடிமையா? படிப்பு முடித்ததும் கம்பெனியில் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று பாண்ட் எழுதி வாங்குகிறார்களே, அது?

லத்தேரி

நல்ல கேள்வி. வங்கி உங்கள் வீட்டை ஏலம் விடலாம், நீங்கள் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று சொல்ல முடியாது. கடன் பொருளைத் தொடலாம், ஆளைத் தொடக் கூடாது. கம்பெனி பாண்டும் அதே கோட்டில்தான். தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை நீதிமன்றம் வற்புறுத்தி நிறைவேற்றாது. பாதியில் போனால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். 2025-ல் ஒரு பொதுத்துறை வங்கி விதித்த 2 லட்சம் ரூபாய் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆகவே பணம் கட்டவேண்டி வரலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வது வேறு கதை. அது ஆளைப் பிடித்து வைப்பதற்குச் சமம். சேரும்போது அசலைக் கொடுத்தால் தேதி, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள், ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

தொரப்பாடி

முதலாளியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அரசாங்கம் இருக்கும் பக்கத்தைச் சொல்கிறேன். 1976 பிப்ரவரியில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதே வருஷம் ஏப்ரல் 28-ல், நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவர், தன்னை அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுப் போடக்கூட முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு கை விலங்கை அவிழ்த்த காலத்தில் இன்னொரு கை பூட்டியது. அந்தத் தீர்ப்பை நேரடியாக ரத்து செய்ததும் 2017 புட்டசாமி வழக்குதான். உங்கள் வட்டத்தில் அந்த வழக்கை அந்தரங்க உரிமைக்காக மட்டும் படித்திருந்தால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்றைக்குச் சாதாரண மனிதனுக்கு இந்தச் சுதந்திரம் சோதனைக்கு வருவது "ஸ்டேஷன் வரைக்கும் வா" என்ற சொல்லில். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களுக்குக் கைது தேவையில்லாத இடத்தில் பிரிவு 35-ன்படி எழுத்தில் அறிவிப்புத் தரவேண்டும். சாட்சி விசாரணைக்குப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் உள்ளவர்களையும் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும் (பிரிவு 179). கைது செய்தால் கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்தில் நடுவர் முன் நிறுத்தவேண்டும். பலர் ஏமாறுவது, "கைது இல்லை, சும்மா விசாரணை" என்று இரண்டு நாள் உட்கார வைக்கும்போது. அந்த 24 மணி ஓட ஆரம்பிப்பது காகிதத்தில் கைது எழுதும் நேரத்திலிருந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுந்து போக விடாமல் நிறுத்திய நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும் என்று நடுவரிடம் சொல்லுங்கள். ஆகவே உள்ளே போன நேரத்தை வெளியில் இருப்பவர் எழுதிவைத்து, உடனே உயர் அதிகாரிக்குத் தந்தியைப்போலச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். நேரத்துக்கு அதுவே சாட்சி.

அடுத்தது ஜாமீன் கிடைத்தும் வெளியே வரமுடியாதவர்கள். நீதிமன்றம் விட்டுவிட்டது, ஆனால் சொத்துவரி ரசீதோடு வந்து நிற்க இரண்டு ஜாமீன்தாரர் இல்லை. இதற்கு வழி உண்டு. ஜாமீன் தரக்கூடிய குற்றம் என்றால், ஒரு வாரத்தில் பிணையாள் தரமுடியாதவரை வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பிணையில் விடவேண்டும் (பிரிவு 478). மற்றவற்றில், 7 நாளில் வெளியே வராத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் முடியாவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இது. குடும்பத்தார் பேசாமல் இருந்தால் கோப்பு நகராது, இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்குக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். காவலில் இருப்பவர், பெண், குழந்தை, பட்டியல் சாதி, பழங்குடியினர், கட்டாய உழைப்பில் சிக்கியவர் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

பாலாற்றங்கரை

இரண்டு பேரும் விட்டது ஒன்று: ஊர். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், வழி மறிக்கப்பட்டதால் தலித் மக்கள் ஒரு சடலத்தைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அங்கே போலீசும் இல்லை, கடனும் இல்லை. நிலத்துக்காரர் வழி விடவில்லை.

19-ஆம் பிரிவு பெரும்பாலும் அரசை நோக்கிப் பேசுவது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ம், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ம் பக்கத்து வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தும். சுடுகாட்டு வழியை மறிப்பது, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம், பழங்குடியினரைக் கொத்தடிமையாக்குவதும் அப்படியே. சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் சிக்குபவர்களில் இருளர் என்ற பழங்குடியினர் அதிகம். அவர்களுக்கான மனுவில் 1976 சட்டத்தை மட்டும் எழுதிவிட்டு இந்தச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் டி.எஸ்.பி. தகுதியில் விசாரணையும் அந்தச் சட்டத்தின் நிவாரணத் தொகையும் கைநழுவும். சாதிச் சான்றிதழ் இல்லை என்பதுதான் வழக்கமான முட்டுக்கட்டை. மீட்கும் அன்றே கோட்டாட்சியரிடம் அதற்கும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

குடியாத்தம் வாசகர்

அனைவருக்கும் நன்றி. கடன் பொருளைத் தொடலாம், ஆளைத் தொடக் கூடாது என்பதை வைத்தே பேச்சைத் தொடங்கப்போகிறோம். கடைசியாக ஒன்று: பாதிக்கப்பட்டவரே மனு கொடுக்க வேண்டுமா? எங்கள் வட்டம் கொடுத்தால் எடுப்பார்களா?

லத்தேரி

யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தகவல் வந்தால் விசாரிப்பது ஆட்சியரின் கடமை. ஆட்களின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை: சூளை இருக்கும் கிராமம், பக்கத்து அடையாளம், முதலாளி பெயர், எத்தனை குடும்பம், குழந்தைகள் எத்தனை, எந்த ஊர்க்காரர்கள், முன்பணம் சுமாராக எவ்வளவு, நான்கில் எந்த உரிமை போயிருக்கிறது. இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். ஒரு பிரதி சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. அலுவலக முத்திரையும் தேதியும் போட்ட நகல் வாங்காமல் திரும்பாதீர்கள். அதிகாரிகள் கிளம்பும்வரை ஊரில் யாரிடமும் பேசவேண்டாம், மீட்கப்போகும் குடும்பத்திடம்கூட நாள் சொல்ல வேண்டாம்.